மச்சானுக்குக் காட்ட வேண்டிய மலையூர்கள்

சிவமயம்

ஸ்குவோல், சுவிற்சர்லாந்து
04.05.2003

அன்புள்ள ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். உங்கள் நலத்துக்குப் பன்றித்தலைச்சி அம்மன் துணை.

பங்குனித் திங்களன்று பொங்கிவிட்டு வந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்து ஐந்து கிழமையாகிறது. ஊரார் கடிதங்களுக்கெல்லாம் முப்பத்தாறு வருடம் முத்திரை குத்தியவனுக்குத் தன் மகனின் கடிதம் மட்டும் வந்து சேருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்கு என்னிடம் பதில் இல்லை. வேலை மும்முரம் என்று சொல்லவும் வழியில்லை. ஈஸ்டர் முடிந்த கையோடு ஹோட்டலைப் பூட்டிவிட்டார்கள், யூன் தொடக்கத்தில்தான் திறப்பார்கள். பனிச்சறுக்குக்கு வந்தவர்கள் திரும்பிப் போய், மலையேறுகிறவர்கள் வந்து சேரும்வரை இந்தப் பக்கத்து ஹோட்டல்கள் பெரும்பாலும் இப்படித்தான் மூடியிருக்கும். ஆகவே எனக்கு நல்ல ஓய்வு. சின்னக்கா பயப்படுவதுபோல ஒன்றும் இல்லை.

பெரிய மாமியின் மகன் யூலையில் குடும்பத்தோடு கனடாவிலிருந்து வருகிறார், நான்கு நாட்களில் எந்த ஊர்களைப் பார்க்கலாம் என்று எழுது என்று கேட்டிருந்தீர்கள். காணி விசயத்துக்குப் பிறகு மச்சானும் நானும் நேரே கதைத்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் இதை நீங்களே மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் தொலைபேசியில் சொல்லிக்கொள்ளட்டும்.

மச்சானின் பட்டியலில் லுற்சேர்ணும் யுங்பிறோவும் இருப்பதாக அறிந்தேன். அழகான இடங்கள்தான், ஆனால் அங்கே மலையைவிட மனிதர் வரிசையைத்தான் அதிக நேரம் பார்க்க நேரிடும். நான்கில் மூன்று நாளை எங்கள் பக்கத்துக்குத் தரச் சொல்லுங்கள். நான் இருக்கும் கிறவுபுண்டன், பரப்பில் இந்நாட்டின் மாநிலங்கள் எல்லாவற்றிலும் பெரியது. 7,105 சதுர கிலோமீற்றர். 150 பள்ளத்தாக்குகள் உண்டு என்று இங்குள்ளவர்கள் கணக்குச் சொல்வார்கள். எங்கள் எங்கடீன் பள்ளத்தாக்குக்கு முன்பெல்லாம் கணவாய் கடந்தோ நீண்ட தூரம் சுற்றியோ வரவேண்டியிருந்தது. 1999இல் வெரைனா சுரங்கம் திறந்த பிறகு, 19 கிலோமீற்றர் இருட்டுக்குள் ஓடி வெளிச்சத்துக்கு வரும் புகையிரதத்தில் (பெயருக்குத்தான் புகை, எல்லாம் மின்சாரம்) சுலபமாக வந்துவிடலாம். பள்ளத்தாக்கின் பழைய புகையிரதப் பாதை 1913 முதல் எங்கள் ஸ்குவோலில்தான் முடிகிறது. காங்கேசன்துறையைப் போல இதுவும் தண்டவாளம் முடிகிற ஊர் என்று முதல் நாள் நினைத்தேன். யாழ்தேவி இன்னும் ஓடத் தொடங்கவில்லை என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோதும் அதே நினைவுதான் வந்தது.

ஸ்குவோலில் அவர் பார்க்க வேண்டியது கீழூரின் தண்ணீர்த் தொட்டிகளை. ஒரே தொட்டிக்கு இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்றில் சாதாரண ஊற்று நீர். மற்றதில் மலைக்குள்ளிருந்து தானாகவே வாயு கலந்து வரும் தாதுநீர். அது விழுகிற இடம் மட்டும் கறள் பிடித்த தகரம்போலச் சிவந்து கிடக்கும். உள்ளங்கையில் ஏந்திக் குடித்தால் முதலில் சோடா, பிறகு ஆணியை நக்கியதுபோல ஒரு சுவை. காசு கேட்க யாரும் இல்லை. நான் தினமும் ஒரு போத்தல் பிடித்து வருகிறேன், சமிபாட்டுக்கு நல்லதாம்.

எங்கள் கீழ்வீட்டுக் கிழவியைப் பற்றிச் சின்னக்கா கேட்டிருந்தாள். அவர் இன்னும் அப்படியேதான் இருக்கிறார். நான் மிளகாய் வறுத்த அன்று, பனி உறைந்து கிடந்த மாசி மாதத்தில், மாடிப்படி யன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்து மாலைவரை இருமினார். மறுநாள் காலை கதவைத் தட்டியபோது முறைப்பாடு என்று எண்ணித்தான் திறந்தேன். கையில் ஒரு தேக்கரண்டியோடு நின்று, பார்லி சூப்புக்குப் போட அந்தத் தூளில் கொஞ்சம் கேட்டார். அவருக்கு ஜேர்மன் நன்றாகத் தெரியும், ஆனால் என்னோடு பேசமாட்டார். பார்த்ததும் "அலேக்ரா" என்று றோமான்ஸ் மொழியில் வணக்கம் சொல்லி, அதே மொழியில் ஒரு சொல்லைக் கற்றுத் தந்துவிட்டுத்தான் படியிறங்க விடுவார். சில பத்தாயிரம் பேர் மட்டுமே பேசும் மொழி ஐயா. 1938இல் நாடு முழுவதும் வாக்களித்து அதைத் தங்கள் நான்காவது தேசிய மொழியாக ஏற்றுக்கொண்டார்களாம், வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் அதைப் பேசாதவர்களாக இருந்தும். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு சிங்களச் சோதனைக்கு இரவிரவாகப் படித்த உங்களுக்கு இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல்தான் இதுவரை எழுதாமல் இருந்தேன்.

இரண்டாம் நாள் குவார்டாவுக்குப் போகச் சொல்லுங்கள். புகையிரத நிலையம் கீழே, ஊர் மேலே, 1,653 மீற்றர் உயரத்தில். இடையில் பஸ் உண்டு, பிள்ளைகளோடு போகிறவர்கள் அதில் ஏறுவதே நல்லது. நான் காலுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று பாணையும் அவித்த முட்டையையும் பையில் போட்டுக்கொண்டு நடந்தே ஏறினேன். பழைய வீடுகளைக் குலையாமல் காத்ததற்காக 1975இல் நாடளாவிய வாக்கர் பரிசு பெற்ற ஊர் அது. ஒவ்வொரு வீடும் கோட்டைபோலத் தடித்த கல் மதிலும், உள்நோக்கிச் சரிந்து குறுகும் யன்னல்களுமாக நிற்கும். வாசல், வைக்கோல் வண்டி அப்படியே உள்ளே போய்ப் பின்புறக் களஞ்சியத்தை அடையும் அகலத்தில் வளைந்திருக்கும். மனிதரும் மாடும் ஒரே கூரைக்குள்தான்.

சுவர்களில் உள்ளதைச் சித்திரம் என்று நினைத்தேன், அது தீந்தையால் வரைந்ததல்ல. முதலில் சாம்பல் நிறச் சுண்ணாம்புச் சாந்து பூசி, அதன் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஈரம் காயும் முன்பே ஆணியால் சுரண்டி எடுக்கிறார்கள். சுரண்டிய கோட்டில் சாம்பல் தெரியும். மீன், சூரியச் சக்கரம், அலை, கொடி, இடையில் வீட்டைக் கட்டியவரின் பெயரும் ஆண்டும். எங்கள் வீட்டு முகப்பில் அப்பு எழுதுவித்திருந்த 1931உம் அந்தக் கொடியும் கண்ணுக்கு முன் வந்தன. 2000ஆம் ஆண்டு செல் விழுந்ததோடு அந்த ஆண்டும் போய்விட்டது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

ஒரு வீட்டு வாசலருகே கிடந்த வாங்கில் இளைப்பாற உட்கார்ந்தேன். இங்கே எல்லா வீட்டிலும் கதவருகே ஒரு வாங்கு உண்டு, எங்கள் திண்ணையைப் போல. கதவு திறந்து ஒரு முதியவர் வெளியே வந்தார், கம்பளிச் சட்டையின் பொத்தான்களை ஒன்று தவறவிட்டுப் பூட்டியிருந்தார். நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். அவர் கையசைத்து உட்காரச் சொல்லி, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, ஆற்றுக்கு அப்பாலுள்ள பனிமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணித்தியாலம் இருவரும் பேசவில்லை. ஐயா, நீங்கள் மாலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, ஒழுங்கையைப் பார்த்தபடி சும்மா இருக்கும் அந்த நேரத்தை நான் பதின்மூன்று வருடமாகக் காணவில்லை. அவர் எழுந்து போன பிறகும் உடனே எழும்ப முடியவில்லை. கடைசிப் புகையிரதத்துக்கு ஓடத்தான் வேண்டியிருந்தது.

அடுத்த நிலையமான ஆர்டெட்ஸில் முகப்பு முழுவதும் ஆதாமும் ஏவாளும் தீட்டிய வீடு ஒன்று இருக்கிறது. அரை மணி போதும். சென்ட் என்ற ஊரை மட்டும் தவறவிடக்கூடாது. அங்கே வீடுகளின் உச்சிகள் வளைந்து வளைந்து, மலையூருக்குப் பொருந்தாத ஒய்யாரத்தோடு நிற்கும். காரணத்தைக் கிழவிதான் சொன்னார். பிழைக்க வழியில்லாத இந்தப் பள்ளத்தாக்கின் பையன்கள் இத்தாலிக்கும் இன்னும் தூர நாடுகளுக்கும் போய் இனிப்புப் பலகாரக்காரர்களாகவும் தேநீர்ச்சாலைக்காரர்களாகவும் ஆனார்கள். வெனிஸ் நகரில் அவர்கள் கை ஓங்கிப்போனதால், 1766இல் அந்நகர ஆட்சி அவர்களை வெளியேற்றியது. சம்பாதித்தவர்கள் கோடையில் மட்டும் ஊருக்கு வந்து, போன இடத்தில் கண்ட பாணியிலேயே வீடு கட்டினார்கள். அவர்களை ஊரார் றந்துலின் என்று அழைத்தார்கள். அவர்கள் மொழியில் அது தகைவிலான் குருவியின் பெயர். மலாயா றெயில்வேயில் லிகிதராக இருந்து அனுப்பிய பணத்தில் அப்பு வீடு கட்டிய கதையைக் கிழவிக்குச் சொன்னேன். அவர் உள்ளே போய், மாப்பசைக்குள் அக்றூட் கொட்டையும் சீனிப்பாகும் நிறைந்த எங்கடீன் கேக்கில் ஒரு துண்டு கொண்டுவந்து தந்தார். அக்றூட் மரம் இந்தக் குளிரில் வளராது. அதுவும் வெளியிலிருந்து வந்ததுதானாம்.

மச்சானின் மனைவி வேதக்காரி என்பதால் முஸ்டாயிரைச் சேர்க்கலாம். அங்கே கன்னியர் மடத்துக் கோயிலில் 1,200 வருடப் பழைய சுவரோவியங்கள் இருக்கின்றன, யுனெஸ்கோ 1983இலேயே பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் கணவாய் கடந்து பஸ்ஸில் போகவேண்டும். பிள்ளைகள் சத்தியெடுத்தால் என்னைக் குறை சொல்லக்கூடாது.

கடைசியாகப் பொஸ்கியாவோ. புகையிரதம் பற்சக்கரம் எதுவும் இல்லாமல் 2,253 மீற்றர்வரை ஏறி, பனிக்கட்டி ஏரிக்கரையால் போய், பிறகு இத்தாலிய மொழி பேசும் பள்ளத்தாக்குக்குள் சுற்றிச் சுற்றி இறங்கும். ஸ்பெயினுக்குப் போய்த் திரும்பியவர்கள் கட்டிய வண்ண வீடுகள் அந்த ஊரில் ஒரு தெருவாகவே நிற்கின்றன. அங்கிருந்து இன்னும் கீழே புரூசியோவில், ஒன்பது வளைவுகள் கொண்ட கற்பாலத்தின் மேல் வண்டி வட்டமடித்துத் தன் பாதைக்கு அடியிலேயே புகுந்து போகும். பதுளையில் வேலை பார்த்த காலத்தில் தெமோதரையில் வண்டி தன் நிலையத்துக்கு அடியிலேயே போவதைக் காட்ட என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தீர்களே, அதுதான் இங்கும். சுரங்கத்துக்குப் பதிலாக வெட்டவெளியில்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பார்லியும் காய்ந்த இறைச்சியும் போட்ட சூப் குளிருக்கு ஒடியற்கூழ் மாதிரி இதமாக இருக்கும்; அதைக் கிழமை முழுவதும் சூடாக்கிச் சாப்பிடலாம். ஆனாலும் மட்டுவில் கத்தரிக்காய்ப் பால்கறி நினைவு வந்தால் சூப் இறங்காது.

ஓட்டு வேலைக்கு மேசன் முற்பணம் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். இத்துடன் வரும் காசோலை சிறியதுதான், வங்கியில் ஒரு தாமதம். யூன் கடைசியில் மீதியை அனுப்புகிறேன். அதுவரை தாழ்வாரத்துக்குப் படங்கு போதும், சாமியறைப் பக்கத்து ஓடுகளை மட்டும் முதலில் மாற்றச் சொல்லுங்கள். முகப்புச் சுவருக்குச் சீமெந்து பூச அவசரப்பட வேண்டாம், சுண்ணாம்புச் சாந்து தெரிந்த பழைய மேசன் யாரும் சாவகச்சேரியில் மிஞ்சியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். தங்கச்சியின் சம்பந்தம் பற்றி நெல்லியடிச் சித்தப்பா சொன்ன இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. சாதகப் பிரதியை மட்டும் இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

மேற்கு எல்லை வேலியை யூலைவரை தொடவேண்டாம். பொஸ்கியாவோ போகும் வழி நீளமானது. மச்சான் வந்தால் நான் கூடவே போவேன், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தாக வேண்டும். அப்புவின் உறுதியிலும் நில அளவைப் படத்திலும் ஒரு பிரதி எடுத்து, மாமியின் கையாலேயே மச்சானுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பழைய கதியால்கள் பூவரசா முள்முருக்கா என்பது எனக்கு மறந்துவிட்டது, அதையும் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்

பி.கு.: முத்திரையை நீராவியில் காட்டி எடுங்கள், கிழிக்க வேண்டாம்.