நடுப்பள்ளத்தில் இருக்கிறது இடம்

புதுக்கோட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள மதிக்கு,

நேற்று நீ பேசியபோது அங்கே நெதர்லாந்தில் ஏழு மணி, இங்கே பதினொன்றரை. தூக்கக் கலக்கத்தில் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. சைக்கிளுக்கு வாங்கிய புது டயரோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினேன் என்றாய். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பியதில் புது டியூப் கிழிந்துவிட்டது என்றாய். கடைசியில் "என் கையில வலு இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் பாதி காதில் விழும், பாதி விழாது. சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரி எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு சந்தேகம். நீ அனுப்பிய படத்தில் புது டயரின் பக்கவாட்டில் 37-622 என்று இருக்கிறது. 37 என்பது டயரின் அகலம். 622 என்பது டயர் ஓரத்துக் கம்பி ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டர் கணக்கு. பழைய டயரைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? அதில் என்ன எண் இருக்கிறது என்று பார். வெறும் 28 இன்ச் என்று கேட்டு வாங்கினால் ஏமாந்துபோவோம். நம் ஊர் கறுப்பு சைக்கிளுக்கு 28க்கு ஒன்றரை என்று கேட்டு வாங்குவோமே, அதன் எண் 635. டச்சுக்காரர்களின் பழைய சைக்கிள்களிலும் அந்த 635 உண்டு. இப்போது அங்கே ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை 622. இரண்டையும் 28 என்றுதான் சொல்கிறார்கள். விட்டத்தில் 13 மில்லி வித்தியாசம், சுற்றளவில் நாலு சென்டிமீட்டர் ஆகிவிடும். உன் ரிம் 635 என்றால் அந்த டயரை பீமன் வந்தாலும் மாட்ட முடியாது. கடையில் கொடுத்து மாற்றிக்கொள். 622தான் என்றால் மேலே படி.

ஐயாவின் கடையை நீ பார்த்ததில்லை. கீழராஜ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. பன்னிரண்டு வாடகை சைக்கிள், ஒரு காற்றடிக்கிற பம்பு, பஞ்சர் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய பழைய அண்டா. அவ்வளவுதான் கடை. நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கேதான் போவேன். 1992ல் எனக்குப் பதினாறு வயது. அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்தையே புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த நேரம். அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததோடு பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் பழகினார்கள் மதி. லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் ஓட்டுகிற சைக்கிளையே வாங்கி, முன்னால் இருக்கிற பாரைத் தாண்டிக் காலைப் போட்டு ஓட்டினார்கள். இதை நான் கண்ணால் பார்த்தேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் அவ்வளவு சந்தோஷம்.

அவர்கள் ஓட்ட ஓட்ட பஞ்சரும் வந்தது, டயரும் தேய்ந்தது. சாயங்காலமானால் கடை வாசலில் பெண்கள் கூட்டம். அதில் கல்குவாரியில் வேலை பார்த்த ஒரு அக்கா இருந்தார். பின்சக்கரத்துக்குப் புது டயர் போட வந்தவர், ஐயா மாட்டுவதைப் பார்த்துவிட்டு, தானே மாட்டப் பழகவேண்டும் என்றார். டயரின் கடைசி ஒரு சாண் உள்ளே போகாமல் நின்றுவிட்டது. கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, "பொம்பளைக் கையில வலு ஏதுண்ணே" என்று சக்கரத்தைக் கீழே வைத்தார். நாள் முழுக்கச் சம்மட்டி பிடிக்கிற கை அது.

ஐயா சொன்னார்: "கல்லு உடைக்கத்தான் தாயி வலு வேணும். இதுக்கு எடம் வேணும். எடம் அந்தப் பக்கம் கெடக்கு, நீ இந்தப் பக்கம் தேடுற."

அவர் சொன்னதன் கணக்கு, நான் படித்து வாத்தியாராகி வட்டத்தின் சுற்றளவைப் பிள்ளைகளுக்கு நடத்தும்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. உன் ரிம்மின் குறுக்கே விரலை வைத்துப் பார். இரண்டு ஓரத்திலும் ஒரு சின்னத் திட்டு, நடுவில் ஒரு பள்ளம். காற்றடித்த பிறகு டயரின் கம்பி அந்தத் திட்டின் மேல் உட்கார்ந்து ரிம் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும். கம்பி இழுபடாது, சுற்றளவு மாறாது. அப்படியென்றால் அதைவிட உயரமான ரிம் விளிம்பைத் தாண்டி அது எப்படி உள்ளே போகிறது? ஒரு பக்கம் கம்பியை நடுப்பள்ளத்துக்குள் இறக்கினால், அங்கே அது சிறிய வட்டத்தில் ஓடும். மிச்சமாகிற நீளம் மறுபக்கத்துக்குத் தளர்வாக வந்து சேரும். பள்ளம் திட்டைவிட 3 மில்லி ஆழம் என்று வைத்துக்கொள். முழுச் சுற்றும் உள்ளே இறங்கினால் 2 பை பெருக்கல் 3, கிட்டத்தட்ட 19 மில்லி கிடைக்கும். கடைசித் துண்டு வெளியே நிற்பதால் அவ்வளவும் கிடைக்காது, ஆனால் கிடைக்கிற பங்கே போதும். 1890ல் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்ற ஆங்கிலேயர், ஓரத்தில் கம்பி வைத்த டயரையும் நடுவில் பள்ளம் வைத்த ரிம்மையும் சேர்த்துத்தான் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு நீ மாட்டுவதும் அந்த ஏற்பாடுதான். நீ இரண்டு மணி நேரமும் கடைசி ஒரு சாணில் நின்று இழுத்திருக்கிறாய். எதிர்ப்பக்கம் கம்பி திட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்திருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். டயரை சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்து ஹீட்டருக்குச் சற்றுத் தள்ளி ஓர் இரவு வை. குளிரில் ரப்பர் விறைத்துப்போகும். நம் ஊரில் வெயிலில் போட்டால் பத்து நிமிடத்தில் இளகிவிடும், டெல்ஃப்டில் அந்த வசதி இல்லை. பஞ்சர் ஆகாமலிருக்க உள்ளே தடிமனான பட்டை வைத்த டயர் என்றாயே, அது இன்னும் முரண்டு பிடிக்கும்.

அப்புறம் ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஓடுகிற பட்டை, அந்த ரிம் டேப்பைப் பார். ஸ்போக்ஸ் முனை டியூபைக் குத்தாமலிருக்க அது கட்டாயம் வேண்டும். ஆனால் தடிமனாக இருந்தாலும், பழையதை எடுக்காமல் மேலே புதிதாக ஒன்று ஒட்டியிருந்தாலும் நடுப்பள்ளம் தூர்ந்துபோகும். இடமே போய்விடும். கடையில் பழைய டியூபை நீளவாக்கில் கத்தரித்து ரிம் டேப்பாகப் போடுவோம், அதுவும் மெல்லிய டியூபாகப் பார்த்துத்தான் எடுப்பார் ஐயா. உன்னுடையது தடிமனாக இருந்தால் மெல்லிய துணி டேப் வாங்கிப் போடு.

டயரில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் சுற்றுகிற திசை. ஒரு பக்க ஓரத்தை முழுக்க மாட்டு, அது கையாலேயே போய்விடும். டியூபுக்கு உருவம் வருகிற அளவு மட்டும் காற்று அடி. கொஞ்சம் முகப்பவுடர் தடவினால் டயருக்குள் ஒட்டாமல் நழுவும். வால்வை ஓட்டையில் விட்டு, டியூபைச் சுற்றிலும் உள்ளே தள்ளி வை. உன் படத்தில் இருப்பது நம் ஊர் சைக்கிளில் இருக்கிற அதே வகை வால்வு, டன்லப் வால்வு. டச்சுக்காரர்கள் இன்னும் அதை விடவில்லை. பார்த்ததும் எனக்கு ஐயாவின் கடைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. நாம் மெல்லிய ரப்பர் வால்டியூபை எச்சில் தொட்டு ஏற்றுவோம். உன்னுடையதில் அது தேவைப்படாத புது உள்வால்வு இருக்கலாம், காற்றடிக்க லேசாகப் போகும்.

இரண்டாவது ஓரத்தை எங்கே ஆரம்பிக்கிறாய் என்பதில்தான் பாதி வேலை. வால்வுக்கு நேர் எதிரே ஆரம்பி, வால்வில் முடி. வால்வு இருக்கிற இடத்தில் டியூபின் அடி தடிமனாக இருப்பதால் கம்பி பள்ளத்துக்குள் இறங்காது. அங்கே ஆரம்பித்தால் இறங்காத இடத்தை வைத்துக்கொண்டு மறுபக்கம் போராடுவாய். எதிரே ஆரம்பித்து இரண்டு கையாலும் இரு பக்கமாக ஏற்றிக்கொண்டே வா. ஆரம்பித்த இடம் நழுவினால் ஒரு துணிக்கீற்றால் டயரையும் ரிம்மையும் சேர்த்துக் கட்டிவிடு.

கடைசி ஒரு சாணில் நிற்கும். நிற்கட்டும். வால்வின் நட்டைத் தளர்த்திக் காற்றை முழுக்க விடு, டியூபில் காற்று இருந்தால் கம்பி பள்ளத்துக்குப் போகாது. சக்கரத்தைத் திருப்பி எதிர்ப்பக்கத்துக்குப் போ. டயரின் இரண்டு ஓரத்தையும் விரல்களால் கிள்ளி, நடுப்பள்ளத்துக்குள் போகும்படி அமுக்கு. அமுக்கியபடியே இரு கைகளையும் இருபுறமும் வால்வை நோக்கி இழுத்துக்கொண்டு வா. ஒரு தடவை போதாது. மூன்று தடவை, நாலு தடவை செய். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தளர்வு வந்து சேருவது கைக்கே தெரியும். அந்த அக்காவிடம் ஐயா இதைத்தான் செய்யச் சொன்னார். நாலாவது சுற்றில் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

இப்போது சக்கரத்தை வயிற்றில் சாய்த்துக்கொள். மிச்சமிருக்கிற ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவு. எண்ணெய் மட்டும் வேண்டாம், ரப்பரைக் கெடுத்துவிடும். கட்டைவிரல் நுனியால் குத்தாதே, நாளைக்கு நகக்கண் வலிக்கும். உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, சப்பாத்தி தேய்ப்பது மாதிரி உன் பக்கமிருந்து முன்னால் உருட்டு. நடுவில் கை வைக்காமல் ஒரு ஓரத்திலிருந்து விரல்கடை விரல்கடையாக ஏற்று. "டப்" என்று உள்ளே விழும்.

விழவில்லை என்றால் மறுபடி எதிர்ப்பக்கம் போய்ச் சுற்றி வா. அதற்கும் மசியாவிட்டால் பிளாஸ்டிக் டயர் லீவர் எடு, தப்பில்லை. ஒரு தடவைக்கு ஒரு விரல்கடை தூரம் மட்டும் நெம்பு, டியூப் நடுவில் மாட்டாமல் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நெம்பு. ஸ்க்ரூ டிரைவரை மட்டும் தொடாதே. ஐயா கடையில் யாராவது அதைக் கையில் எடுத்தால் பிடுங்கி வைத்துவிடுவார்.

உள்ளே போன சந்தோஷத்தில் உடனே காற்றடித்துவிடாதே மதி. அவசரப்பட்டு அடித்து, டியூப் ஓரத்தில் பிதுங்கி வெடித்தது எனக்கே இரண்டு முறை நடந்திருக்கிறது. வால்வின் நட்டைத் தளர்வாகவே வைத்து, வால்வை ஒரு தடவை மேலே தள்ளி, மறுபடி கீழே இழுத்துவிடு. அடியில் மாட்டியிருக்கிற டியூப் விடுபடும். பிறகு டயரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விலக்கிச் சுற்றிலும் பார், ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் டியூப் தெரியக்கூடாது. நட்டை இறுக்கிக் கொஞ்சமாகக் காற்றடி. டயர் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடுகிறதே, அது சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா பார். ஓரிடத்தில் முங்கியிருந்தால் காற்றை இறக்கி, அங்கே சோப்புத் தண்ணீர் விட்டு, கையால் பிசைந்து மறுபடி அடி. கோடு சரியாக வந்த பிறகு டயரில் போட்டிருக்கிற அளவைத் தாண்டாமல் அடித்துக்கொள்.

கிழிந்த டியூபையும் எறியாதே. நெம்பியதில் விழுந்த சின்ன ஓட்டைகள் என்றால் உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்ந்த பிறகு ஒட்டுப் போட்டு இன்னொரு டியூபாக வைத்துக்கொள்ளலாம். நீளமாகக் கிழிந்திருந்தால் அடுத்த ரிம் டேப்புக்கு ஆகும்.

அந்த அக்கா அதற்கப்புறம் கடைக்கு டயர் மாட்ட வரவே இல்லை. டயர் வாங்க மட்டும் வந்தார். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் சக்கரத்தையும் கையோடு எடுத்து வந்து, கடை வாசலிலேயே உட்கார்ந்து மாட்டிக்கொண்டு போனார். ஐயா கூலி கேட்கவில்லை, பம்பை மட்டும் எடுத்து நீட்டினார்.

முதலில் பழைய டயரின் எண்ணைப் பார்த்துச் சொல். மாட்டி முடித்ததும் அந்தக் கோடு தெரிகிற மாதிரி இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. பதினொன்றரை ஆனாலும் பரவாயில்லை, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா