வெளிநடப்பு செய்தியானது, தீர்மானங்கள் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் நகராட்சியின் சென்ற மாதக் கூட்டம் பற்றி உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்திருந்தது. 'கவுன்சிலர்கள் கடும் வாக்குவாதம், எதிர்க்கட்சியினர் வெளிநடப்பு' என்று பெரிய தலைப்பு. ஒருவர் விரலை நீட்டிக்கொண்டு நிற்கும் படம். கடைசி வரியில், '38 தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன' என்று முடித்துவிட்டார் உங்கள் நிருபர். அந்த 38 என்னென்ன என்று ஒரு வார்த்தை இல்லை.

நான் அன்றைக்கு அந்த அரங்கில்தான் இருந்தேன். சொத்து வரி ரசீதில் ஒரு பெயர்த் திருத்தத்துக்காகப் போயிருந்தேன். 'கிளார்க் மீட்டிங்ல இருக்கார், மதியத்துக்கு மேல வாங்க சார்' என்றார்கள். அந்த வெயிலில் வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்கு இங்கேயே உட்காரலாமே என்று கூட்ட அரங்கின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. டீ கூட வந்தது.

செய்தியில் வந்த வாக்குவாதம் மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும். புதிதாகக் கட்டிய நாடக மேடையின் கல்வெட்டில் வார்டு கவுன்சிலரின் பெயர் விடுபட்டுவிட்டது, அதுதான் விஷயம். வெளிநடப்பு செய்தவர்கள் வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். உங்கள் நிருபரும் அவர்களோடு வெளியே போனார், திரும்பி வரவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு அன்று இன்னும் நாலு செய்தி இருந்திருக்கும். ஆனால் அவர் போன பிறகுதான் கூட்டமே தொடங்கியது.

தீர்மானம் வாசிக்கிறவர் எண்ணை மட்டும்தான் சொல்கிறார். 'பொருள் எண் 6 முதல் 19 வரை' என்பார், முன்வரிசையிலிருந்து 'ஆல் பாஸ்' என்று ஒரு குரல் வரும், பக்கம் புரளும். பக்கத்தில் இருந்த ஒரு கவுன்சிலரிடம் அஜெண்டாவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பிளீச்சிங் பவுடரும் படிகாரமும் வாங்குவது, குப்பை வண்டிகளுக்கு டயர் மாற்றுவது, தெருவிளக்கு சாமான்கள், பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடக் குத்தகை, வாரச்சந்தை சுங்கக் குத்தகை. எல்லாம் பார்க்கச் சில்லறை விவகாரம்தான். ஆனால் சந்தைக் குத்தகை எவ்வளவுக்குப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் கீரைக்காரம்மாவிடம் கூடைக்கு எவ்வளவு வசூல் பண்ணுவார்கள் என்பது இருக்கிறது. அது நம் வீட்டுக் கீரைக்கட்டின் விலையில் வந்து நிற்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். பல பொருள்களின் கடைசியில் 'அவசரம் கருதி செய்யப்பட்ட செலவினத்துக்கு மன்றத்தின் பின்னேற்பு வேண்டப்படுகிறது' என்று இருக்கிறது. வேலை முடிந்துவிட்டது, மன்றம் இப்போது சரி என்று தலையாட்டினால் போதும் என்பது அதன் பொருள். குடிநீர்க் குழாய் உடைந்தால் கூட்டம் கூடும்வரை காத்திருக்க முடியாது, நியாயம்தான். ஒரே அஜெண்டாவில் இத்தனை அவசரமா என்பதுதான் என் சந்தேகம்.

அப்படி ஒரு பின்னேற்பு, எங்கள் பக்கத்து வார்டு ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டிய செலவு. அந்த வார்டு கவுன்சிலரம்மா எழுந்தார். முதல் தடவை கவுன்சிலர் ஆனவர். வழக்கமாக அவருக்குப் பதில் அவர் கணவர் பேசுவார் என்று ஊரில் சொல்வார்கள், அன்றும் அவர் கதவோரம்தான் நின்றிருந்தார். ஆனால் பேசியது அந்த அம்மாதான்.

'தலைவர் அவர்களே, இதே மோட்டாரை ஆடியில ஒரு தடவை கழற்றினாங்க, தை மாசம் ஒரு தடவை கழற்றினாங்க. இது மூணாவது. மூணு தடவை காயில் கட்டின காசுக்குப் புது மோட்டாரே வாங்கியிருக்கலாமே?'

'லோ வோல்டேஜ்ல காயில் எரிஞ்சு போயிடுதும்மா' என்றார் பொறியாளர்.

'அப்போ ஈ.பி.க்கு லெட்டர் போட்டீங்களா?'

பொறியாளர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் ஃபைலைப் பார்த்தார். தலைவர் 'குறிச்சுக்கங்க, அடுத்த பொருள்' என்றார். தீர்மானம் நிறைவேறிவிட்டது. அந்த ஒன்றரை நிமிடம்தான் அன்றைய செய்தி என்பேன். அது உங்கள் பத்திரிகையில் மட்டுமில்லை, எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

தீர்மானத்தைச் சடங்காக நினைப்பவர்களுக்கு 2022 ஏப்ரலை ஞாபகப்படுத்துகிறேன். சொத்து வரி உயர்வை அரசு அறிவித்ததும் நகராட்சிகளில் எல்லாம் அதற்காகக் கூட்டம் போட்டார்கள். 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். அப்போதும் எங்களுக்குச் செய்தியாக வந்தது கறுப்புச் சட்டையும் வெளிநடப்பும்தான். என் வீடு எந்த அளவில் வருகிறது என்பது கேட்பு ரசீது கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு என்பதும் எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும்.

மன்றமே இல்லாமல் இருந்த காலத்தையும் பார்த்தவர்கள் நாம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2022 மார்ச்சில் புதிய கவுன்சிலர்கள் பதவியேற்கும்வரை ஐந்து ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்தான் எல்லாம். எழுந்து நின்று ஈ.பி.க்கு லெட்டர் போட்டீர்களா என்று கேட்க அப்போது ஆள் கிடையாது. இப்போது இருக்கிறார்கள், அவர்கள் கேட்பது வெளியே வருவதில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாமே என்பீர்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, முப்பது நாள் காத்திருந்து, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி வாங்கலாம். அதற்குள் அடுத்த கூட்டமே வந்துவிடும். இத்தனைக்கும் மன்றக் கூட்டங்களில் பொதுமக்களுக்கு அனுமதி உண்டா, நடவடிக்கைக் குறிப்பைப் பார்க்கலாமா என்பதையெல்லாம் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 2005-ம் ஆண்டின் அந்தச் சட்டத்து 4-வது பிரிவே சொல்கிறது. எங்கள் நகராட்சி அறிவிப்புப் பலகையில் இப்போது ஒட்டியிருப்பது ஒரு பழைய டெங்கு விழிப்புணர்வு நோட்டீஸ். அஜெண்டாவைக் கூட்டத்துக்கு முன்பே, தொகையோடு, அதன் பக்கத்தில் ஒட்டச் சொல்லி ஆணையருக்கு மனு கொடுத்திருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது வேறு. தினமும் தங்கம் விலை போடுகிறீர்கள், நாளைய மின்தடைப் பகுதிகள் போடுகிறீர்கள். மாதம் ஒரு நாள், அதே அளவு இடத்தில், எங்கள் ஊர்த் தீர்மானங்களை வரிசையாகப் போட முடியாதா? விமர்சனம் வேண்டாம். என்ன வேலை, எந்த வார்டு, எவ்வளவு தொகை, முன் அனுமதியா பின்னேற்பா, இது போதும். வெளிநடப்புப் படத்தை வழக்கம்போலப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

நிருபருக்கு நேரம் இல்லையென்றால் அஜெண்டாவை நானே செராக்ஸ் எடுத்து உங்கள் ஊர் ஏஜெண்டிடம் கொடுத்துவிடுகிறேன். எப்படியும் அடுத்த கூட்டத்துக்குப் போகத்தான் போகிறேன். என் பெயர்த் திருத்தம் இன்னும் முடியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்)