அளவு சரிதான், அளந்த இடம் எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் வந்த வெள்ளத்தைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பதிவான அளவுகளே உண்மை, கரையோர மக்கள் சொல்வதெல்லாம் பயத்தில் பெருகிய கதை என்ற பொருளில் அதில் ஒரு வரி இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் ஏரலுக்கு மேற்கே தாமிரபரணி ஆற்றங்கரையில் குடியிருக்கும் நான் அந்தக் கரையோர மக்களில் ஒருவன். வருவாய்த்துறையில் இருந்த காலத்தில் ஒன்பது ஆண்டுகள் மழைமானியில் அளவெடுத்தவனும்கூட. ஆகவே அந்த வரி என்னை இரண்டு பக்கமும் சுட்டது.

தாங்கள் அறியாததல்ல, காலை எட்டரை மணிக்குக் குப்பியிலிருக்கும் நீரைக் கண்ணாடி அளவையில் ஊற்றி, குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து, நடுவில் குழிந்து நிற்கும் அடிவளைவைப் படிக்க வேண்டும். நின்றபடி பார்த்தால் வேறோர் எண் தெரியும். ஒரு பருவத்தில் பக்கத்து வேம்பின் கிளை மானிக்கு மேலே நீண்டு வளர்ந்துவிட்டது. அதை வெட்டித் தரும்படி நான் எழுதிய குறிப்பு மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. இலையில் தங்கியும் விலகித் தெறித்தும் போன மழை போக மிச்சத்தைத்தான் நான் எழுதினேன். அந்தக் குறைந்த எண்கள் இன்றும் பதிவேட்டில் என் கையெழுத்தோடு உண்மைகளாக இருக்கின்றன. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கூசும்.

காயல்பட்டினத்தில் பெய்த 95 சென்டிமீட்டரைக் கட்டுரையாளர் எடுத்துக்காட்டுகிறார். அது டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரக் கணக்கு. ஒரு நாளின் கணக்கை நள்ளிரவில் பிரிப்பது வழக்கமாக இருந்திருந்தால், அதே மழை இரண்டு நாட்களுக்குப் பங்காகி, வேறு எண்களாக நின்றிருக்கும். மழையில் மாற்றமில்லை; ஒரு நாளின் கணக்கை எங்கே வெட்டுவது என்று மனிதர்கள் எடுத்த முடிவு அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

எங்கள் ஊரில் மழைமானியே கிடையாது. எங்களை மூழ்கடித்த தண்ணீரில் பெரும்பகுதி எங்கள் ஊரில் பெய்ததும் அல்ல. மேற்கே மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து மலைகளில் பெய்து ஆற்றோடு இறங்கியது, வழியில் உடைந்த குளங்களிலிருந்து புரண்டு வந்தது. வேறோர் ஊர் மானியின் எண்ணைக் காட்டி, இவ்வளவு மழைக்கு அவ்வளவு வெள்ளம் வந்திருக்காது என்று எழுதுவது எப்படி நியாயமாகும்? எங்கள் வீட்டுத் தார்சாவில், அதாவது முன்கூடத்தில், மாட்டியிருந்த தகப்பனார் படத்தின் கழுத்தளவுக்கு நேராக, சுவரில் வண்டல் கோடு இன்றும் கிடக்கிறது. நினைவும் தவறும் என்பதை நான் மறுக்கவில்லை. தண்ணீர் வாசற்படி ஏறியது இரவு ஒரு மணி என்கிறாள் என் மனைவி. மூன்று மணி என்கிறேன் நான். இருட்டில் இருவருமே கடிகாரம் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கோட்டைப் பற்றி எங்களுக்குள் பேச்சே இல்லை.

நிவாரணம் கொடுத்தபோது கடும் பாதிப்புக்கு 6,000 ரூபாய், மற்ற இடங்களுக்கு 1,000 ரூபாய் என்று பிரித்தார்கள். 'கடும்' என்ற அந்தச் சொல்லை அளக்க எந்த மானியும் இல்லை. யாரோ ஒருவர் பார்த்து முடிவுசெய்ததுதான்.

இப்படி யாரோ ஒருவர் முடிவுசெய்வது இந்த ஆற்றங்கரையில் புதிதும் அல்ல. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடந்து, 17 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள் என்று பலரும் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார்கள். மூழ்கியவர்களைப் பற்றிய தகவலாக அதில் பொய் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர்கள் யாரும் அன்றைக்குக் குளிக்கப் போனவர்கள் அல்லர். எந்தத் தகவலை முதலில் வைப்பது, எதை விட்டுவிடுவது என்று ஒருவர் தேர்ந்தெடுத்த பிறகுதான் அது செய்தியாகிறது. இதைப் பத்திரிகை நடத்தும் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. தாங்கள் வெளியிடும் மழையளவுப் பட்டியலின் கீழே, மானி இருக்கும் இடத்தையும் எட்டரை மணிக் கணக்கு என்பதையும் ஒரு வரி சேர்த்து அச்சிட வேண்டும். அந்தக் கட்டுரையில் எங்கள் பேச்சைக் 'கதை' என்று சொன்னதற்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டும்.

இரண்டு பொங்கலாக அந்தச் சுவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களுக்கு வெள்ளையடித்தோம். இந்த ஆண்டு முழுவதும் அடித்துவிட வேண்டும் என்று மகன் சொல்லிவிட்டான். மார்கழி முடிவதற்குள் தங்கள் கட்டுரையாளர் ஒருநாள் வந்து, தரையிலிருந்து அந்தக் கோடு வரை அவரே அளந்து பார்க்கட்டும். அளவுநாடா வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஏரல் வட்டாரம்.