கோயில் பின்வளவுத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சீனக்குடாவில் நம் கோயில் பின்வளவில் தொடங்கிய துப்புரவுத் திருப்பணி, மாரிமழைக்கு முன்னரே முடிந்துவிட்டது. கோபுரத்துக்கு வர்ணம் பூசினால் எல்லார் கண்ணுக்கும் தெரியும். இந்த வேலையில் தெரிவது மதிலோரம் ஒரு மண்மேடுதான். அதனால் அதற்குள் என்ன கிடக்கிறது என்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வளவைக் குத்தகைக்கு எடுத்துப் பழைய வாகன பற்றறிகளை உடைத்து ஈயம் உருக்கியவர்கள், போகும்போது கசடை அப்படியே விட்டுப் போனார்கள். கிணற்றடி பக்கத்திலேயே. திருவிழாக் காலத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடுவதும் அங்கேதான். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குத்தகை கொடுத்தது நம் சபை. அந்தப் பொறுப்பு எங்களுடையது.

லொறியில் ஏற்றி வேறெங்காவது கொட்டலாம் என்று கூட்டத்தில் சிலர் சொன்னீர்கள். அது இன்னொரு ஊரின் கிணற்றடியில் போய்த்தான் சேரும். சரி, சீமெந்தோடு குழைத்துக் கட்டியாக்கலாம் என்று பார்த்தோம். ஈயம் சீமெந்தை இறுக விடாமல் இழுத்தடிக்கும். மூன்று நாளாகியும் மாதிரிக் கட்டி நகம் பட்டாலே உதிர்ந்தது. அப்புறம்தான் நம் அங்கத்தவரான ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர் ஜியோபொலிமர் வழியைச் சொன்னார்.

பிரான்ஸ் இரசாயனவியலாளர் ஜோசப் டாவிடோவிட்ஸ் 1970களில் வைத்த பெயர் அது. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் கண்ணாடியாக உறைந்து கிடக்கின்றன. கோஸ்டிக் சோடா என்ற காரமும் சோடியம் சிலிக்கேற்றும் சேர்ந்த கரைசலை ஊற்றினால் அது கரைந்து, சிலிக்கனும் அலுமினியமும் ஒட்சிசனால் கோக்கப்பட்ட வலையாக மறுபடி இறுகும். அலுமினியம் இருக்கும் இடமெல்லாம் அந்த வலையில் எதிரேற்றம் நிற்கும். கசடையும் சேர்த்துக் குழைத்தால், அதிலுள்ள நேரேற்றமுள்ள ஈயத்தில் ஒரு பகுதி அங்கே பிடிபடும்; மீதி கரையாத சேர்மமாகிக் கட்டிக்குள் அடைபடும்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அனுமதி கிடைத்த பின்னரே மண்ணில் கை வைத்தோம். முதல் தொகுதிக்குக் கோஸ்டிக் சோடாவைக் கூட்டிப் போட்டுவிட்டோம். பிடிப்பு நன்றாக வரும் என்ற நினைப்பு. கட்டிகளின் மேல் வெள்ளை உப்புப் பூத்தது. காரம் மிஞ்சினால் ஈயம் மறுபடி கரையத் தொடங்கும். முழுவதையும் உடைத்துக் கூடுதல் சாம்பலோடு திரும்பக் குழைத்தோம். இந்தச் சாம்பல் வெறும் வெயிலில் மெதுவாகத்தான் இறுகும். அதனால் தகரக் கொட்டகையில் உமி அடுப்பு மூட்டி, 60 பாகைக்குக் குறையாத சூட்டில் ஒரு நாள் முழுக்க வைத்தோம். தம்பலகாமத்து ஆலையொன்று உமியை இலவசமாகத் தந்தது. இரவிரவாக விழித்திருந்து அடுப்பைப் பார்த்த பொடியன்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. ஒருவருக்குக் கையில் காரம் தெறித்தது. தண்ணீர்த் தொட்டி அருகிலேயே இருந்ததால் உடனே கழுவ முடிந்தது. காயம் ஆறிவிட்டது.

கட்டியை நொறுக்கி, அதன் எடையைப் போல 20 மடங்கு அசற்றிக் அமிலக் கரைசலில் இட்டு, 18 மணி நேரம் சுழற்றி, கரைந்து வரும் ஈயத்தை ஆய்வுகூடத்தில் அளப்பார்கள். அமெரிக்கா வகுத்த எல்லை லீற்றருக்கு 5 மில்லிகிராம். முதல் தொகுதி தேறவில்லை. மறுபடி குழைத்தவை எல்லைக்குக் கீழே வந்தன.

அயல் பட்டறை ஒன்று தன் உலோகப்பூச்சுக் கழிவையும் சேர்த்துக் கட்டச் சொன்னது. மறுத்துவிட்டோம். அதிலுள்ள குரோமியம் எதிரேற்றத்தோடு குரோமேற்றாக நிற்பது. முதலில் அதை வேறு வடிவுக்கு மாற்றாவிட்டால் இந்த வலையில் நிற்காது. அந்த வசதி எங்களிடம் இல்லை.

கட்டிகளை நடைபாதைக்குப் பதிக்கலாம் என்ற யோசனையையும் ஏற்கவில்லை. தேய்ந்தால் தூசி கிளம்பும். தடித்த பொலித்தீனும் களிமண்ணும் இட்டு, நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே அடுக்கி மூடியிருக்கிறோம். ஈயம் அழியவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. அந்த மேட்டில் பந்தல்கால் ஊன்றவோ மரம் நடவோ வேண்டாம். இடத்தின் வரைபடம் காணி உறுதியோடு பெட்டகத்தில் இருக்கிறது. அடுத்த சபைக்குக் கைமாற்றும்போது அதையும் கொடுக்க வேண்டும்.

கிணற்று நீரில் ஈயம் லீற்றருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இரண்டு மாரிக்கும் நின்றால்தான் கிணற்றின் பூட்டுத் திறக்கப்படும். அடுத்த மாதிரி தைப்பூசம் கழிந்து எடுக்கப்படும். வரவு செலவுக் கணக்கு மடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.

இங்ஙனம்,
திருப்பணிக் குழு