புதிதாகக் கார் எடுத்தவர்களுக்கு

உறவுகளே, வணக்கம். 2025இல் இலங்கையில் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியபின் நம் ஒழுங்கையிலும் புதிய கார்கள் நிற்கின்றன. மகிழ்ச்சி. ஆனால் நேற்று மாலை திருகோணமலை உப்புவெளியில் கண்ட காட்சி மனதை விட்டு அகலவில்லை. முன் ஆசனத்தில் தாய், மடியில் கைக்குழந்தை, ஆசனப்பட்டி பக்கத்தில் சும்மா தொங்குகிறது.

கார் மோதினால் முன்னே உள்ள காற்றுப்பை (எயார்பாக்) கண் இமைப்பதற்குள் விரியும். பஞ்சு மெத்தைபோல் அல்ல, ஓங்கி அறைவதுபோல். மடியில் இருக்கும் பிள்ளை நடுவில் அகப்பட்டுவிடும். பிள்ளை காரின் பின்பக்கம் பார்த்து இருக்கும் பின்னோக்கிய குழந்தை ஆசனத்தைக் காற்றுப்பைக்கு முன்னே வைக்கவே கூடாது. வெயில் மறைப்புத் தட்டில் அந்த எச்சரிக்கை இருக்கும். ஜப்பான் மொழியில் இருந்தால் படத்தைப் பாருங்கள். 12 வயதுவரை பின் ஆசனம்தான்.

பட்டி வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்பில் தாழப் படியவேண்டும். கர்ப்பிணிகள் வயிற்றுக்குக் கீழே போடுங்கள். ஓட்டுபவரின் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் 25 சென்ரிமீற்றராவது இடைவெளி வேண்டும். பட்டி போடாதவரைக் காற்றுப்பையே காயப்படுத்தலாம்.

நிலாவெளி கிட்டத்தானே என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் விபத்தில் படாத குழந்தை ஆசனம் ஒன்று சும்மா இருக்கிறது. கன்னியாவுக்கோ கந்தளாய்க்கோ போகிறவர்கள் கேளுங்கள், தருகிறேன். பொருத்தவும் காட்டித்தருவேன்.