"ஆட முடியுமா?" என்று அடிபட்ட பிள்ளையிடம் கேட்காதீர்கள்

பள்ளி, கல்லூரி விளையாட்டு அணிகளின் பொறுப்பாளர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

கால்பந்தோ, ரக்பியோ, கபடியோ, ஆட்டத்தின் நடுவே தலையில் அடிபட்டு விழுந்த பிள்ளை எழுந்து நின்றதும் நீங்கள் அக்கறையோடுதான் கேட்கிறீர்கள்: "ஆட முடியுமா?" அணியில் இடம் போய்விடுமோ என்று அஞ்சும் பிள்ளை முடியும் என்றுதான் சொல்லும். அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வில், மண்டையோட்டுக்குள் மூளை வேகமாகக் குலுங்கி, அதன் நரம்பணுக்களின் இயக்கம் சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ தடுமாறுகிறது. இதற்குத் தலையில்தான் அடிபட வேண்டும் என்பதில்லை. உடலில் விழும் பலத்த மோதலே போதும். பெரும்பாலோர் மயங்கி விழுவதில்லை, ஸ்கேனிலும் வழக்கமாக எதுவும் தெரிவதில்லை என்பதால், மயக்கம் வரவில்லையே என்று நாம் அடையும் ஆறுதலுக்கு அடிப்படையே இல்லை. தலைக்கவசம் மண்டையோடு உடையாமல் காக்குமே தவிர, உள்ளே மூளை குலுங்குவதை அதனால் தடுத்துவிட முடியாது.

முதல் அடி ஆறுமுன் விழும் இரண்டாவது அடியே என்னை அதிகம் அஞ்ச வைக்கிறது. அரிதாகவே நேர்ந்தாலும், அப்போது மூளை கட்டுக்கடங்காமல் வீங்கி உயிரைப் பறித்துவிடக்கூடும். அதற்குப் பெரும்பாலும் இரையாவோர் இளம் வயதினர். கனடாவின் ஒட்டாவா நகரில் பள்ளி ரக்பி அணித் தலைவியாக இருந்த 17 வயது ரோவன் ஸ்ட்ரிங்கர், சில நாட்களுக்குள் மீண்டும் மீண்டும் தலையில் அடிபட்டு 2013-இல் இறந்தார். ஒன்ராறியோ மாகாணம் 2018-இல் அவர் பெயராலேயே சட்டம் இயற்றியது. நாம் ஓர் உயிரைப் பறிகொடுத்த பிறகுதான் விதி வகுக்க வேண்டுமா?

ஐயம் எழுந்த உடனே பிள்ளையை வெளியே அழைத்துவிடுங்கள். இறுதிப் போட்டியே ஆனாலும் அன்று மறுபடி இறக்காதீர்கள். முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்லிய நடை, படிப்படியாகப் பயிற்சி, மருத்துவர் ஒப்புதல் அளித்த பின்னரே மோதல் உள்ள ஆட்டம் என்ற வரிசையை எழுத்து வடிவில் விதியாக்குங்கள். பெரியவர்களைவிடச் சிறார்கள் தேற அதிக நாளாகும் என்பதையும், விளையாட்டுக்கு முன் வகுப்பறைக்குத் திரும்புவதே முதற்படி என்பதையும் அதில் சேருங்கள்.

அடிபட்ட அன்றே பெற்றோருக்கும் தெரிவியுங்கள். சில அறிகுறிகள் வீடு திரும்பிய பிறகே தலைகாட்டும். கூடிக்கொண்டே போகும் தலைவலி, ஓயாத வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத உறக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பது அன்றிரவு பிள்ளையின் அருகில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
களத்தின் ஓரத்தில் நிற்கும் ஒரு பெற்றோர்