ஐப்பசியில் வராதே, பங்குனியில் வா

முத்தையன்கட்டு, முல்லைத்தீவு,
புரட்டாதி கடைசி வெள்ளி.

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாய், கனடாவில் குளிர் இறுகுமுன் ஐப்பசியிலேயே புறப்பட்டு வந்து, அண்ணன் விட்டுப்போன வளவில் ஒரு வருடமாவது இருக்கப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். இந்தச் செய்திக்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அப்படியிருந்தும் சொல்கிறேன், கோபிக்காதே. ஐப்பசியில் வராதே, பங்குனியில் வா.

வந்து இறங்கியதும் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே விளங்கியது, வாங்கக்கூடியவை நாலைந்து சாமான்கள்தான். மாரியில் ஒரு வீடு தாக்குப்பிடிப்பது வெயில் மாதங்களில் செய்து முடித்த வேலைகளால். அவற்றை ஐப்பசியில் காசு கொடுத்தும் செய்விக்க முடியாது.

கிணற்றையே எடுத்துக்கொள். உங்கள் வளவுக் கிணறு பத்து வருடமாக இறைக்காமல் கிடக்கிறது. போன மாதம் எட்டிப் பார்த்தேன், சருகு மூடித் தண்ணீரே தெரியவில்லை. நீர் அடிக்குப் போகும் ஆவணியில்தான் உள்ளே ஆள் இறங்கிச் சேறு அள்ளலாம். மழை விழுந்து ஊற்று எழும்பிவிட்டால் அடுத்த ஆவணி வரை அதில் கை வைக்க முடியாது. இறைக்கிற இயந்திரத்தை மட்டும் கிணற்றுக்குள் இறக்கி ஓட விடாதே. அதன் புகை உள்ளே தேங்கி, இறங்கிய ஆளைக் கொன்றுவிடும். 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது எங்கள் கிணற்றுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. வடிந்த பிறகு மூன்று தரம் இறைத்தோம், சுகாதாரப் பரிசோதகர் தந்த குளோரினைப் போட்டோம், அதற்குப் பிறகும் கொதிக்க வைத்துத்தான் குடித்தோம். அடுத்த கோடையில் முதல் வேலையாகக் கிணற்றுக்கட்டை இரண்டு அடி உயர்த்தினேன்.

விறகும் அப்படித்தான். நன்றாகக் காய்ந்த பாலை விறகு நின்று எரியும், தணலும் நெடுநேரம் கிடக்கும். ஆனால் பிளந்து இரண்டு மூன்று மாதமாவது வெயில் கண்டிருக்க வேண்டும். ஐப்பசியில் கட்டு விலைக்கு விற்கிறவர்களிடம் வாங்கினால் குசினி முழுவதும் புகைதான், கண் எரிச்சல்தான் மிச்சம். நான் ஆனியிலேயே பிளந்து, குசினிக்குப் பின்னால் கல் வைத்து அதன்மேல் அடுக்கி, தகரத்தால் மூடிவிட்டேன். தேங்காய்ப் பொச்சுமட்டையும் சிரட்டையும் இரண்டு உரப்பை நிறைய இருக்கின்றன. அடைமழையில் அடுப்பு மூட்ட அவற்றைப்போல் உதவி வேறில்லை. 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்றபோது, இந்த விறகடுப்பால் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடும் பட்டினி கிடக்கவில்லை. மகன் எரிவாயு அடுப்பு வாங்கித் தந்திருக்கிறான். அதையும் பாவிக்கிறேன், இதையும் விடமாட்டேன்.

இனிச் சாப்பாட்டுச் சாமான். மாரி மழையில் விளையும் காலபோக நெல் மாசியிலும் பங்குனியிலும் வீட்டுக்கு வரும். விலையும் அப்போதுதான் இறங்கியிருக்கும். ஆளுக்கு மாதம் 10 கிலோ அரிசி என்று வைத்துக்கொள். நூறு கிலோ நெல்லைக் குற்றினால் 65 கிலோ அளவில் அரிசி தேறும். நெல்லைக் கடித்துப் பார், பல்லில் நொறுங்கிச் சத்தம் கேட்க வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது, தறப்பாளில் விரித்து மீண்டும் காயப்போடு. புழுக்கி எடுத்த நெல்லையும் அப்படியே கடித்துப் பார். எங்கள் ஆச்சி வீட்டில் நெல் போட்டு வைத்த கொம்பறை நினைவிருக்கிறதா? கம்பால் பின்னி, களிமண்ணும் சாணியும் சேர்த்து மெழுகி, கல்லின்மேல் நின்றதே, நாம் ஒளித்து விளையாடி ஏச்சு வாங்குவோமே, அந்தக் கொம்பறை. இப்போது அதைக் கட்டத் தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் எவருமில்லை. நான் மூடியுள்ள பீப்பாய்களில் போட்டு நடு அறையில் வைத்திருக்கிறேன். வெளிக்கொட்டிலில் நெல் வைக்கவே வேண்டாம். யானைக்கு மணம் பிடித்துவிட்டால் சுவர் ஒரு தடையில்லை.

பழப்புளியும் பங்குனி, சித்திரையில்தான் உதிரும். உங்கள் வளவின் மேற்கு மூலையில் நிற்கிற புளி இப்போதும் காய்க்கிறது, நான்தான் பொறுக்குகிறேன். கோதுடைத்து, கொட்டை எடுத்து, உப்பிட்டு உருட்டிப் பானையில் அடைத்தால் இரண்டு வருடத்துக்குக் கெடாது. அந்த மாதங்களிலேயே வேப்பம்பூ வடகமும் போட்டுவிட வேண்டும். ஆனி, ஆடியில் பாலைப்பழம். நாம் உதடு ஒட்ட ஒட்டத் தின்றோமே, அந்த மரங்களில் பாதி இன்று இல்லை. இருக்கிற மரங்களின் பழத்தைப் பிழிந்து பாணி காய்ச்சி ஒரு போத்தல் எடுத்து வைத்திருக்கிறேன், அது உனக்குத்தான். செத்தல் மிளகாயும் மல்லியும் ஆவணி வெயிலில் காயப்போட்டு, வறுத்துத் தூளாக்கியாயிற்று. கார்த்திகையில் முல்லைத்தீவுக் கடல் கொந்தளித்தால் மீன் வராது, வந்தாலும் கை வைக்க முடியாத விலை. ஆகவே கடல் அமைதியாக இருக்கும் காலத்திலேயே கருவாடு வாங்கி, மறுபடி ஒரு வெயில் காட்டிப் பெட்டியில் போட்டுவிடுவேன். உழுந்தும் பயறும் வண்டு பிடிக்காமலிருக்க அடுப்புச் சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் போதும்.

மாட்டைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன். எங்கள் சிவலையைப் பற்றி உனக்குத் தொலைபேசியில் சொன்னபோது அழுதுவிட்டேன், சரியாகச் சொல்லவில்லை. 2022 மார்கழி. மாண்டஸ் புயல் எங்கள் கரைக்கு வரவேயில்லை, தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துப் பக்கம் போய்க் கரையேறியது. ஆனால் அதன் காற்றும் தூறலும் இங்கே ஒரு பகலும் இரவும் நிற்கவில்லை. அப்படியொரு குளிரை நான் வன்னியில் அறிந்ததில்லை. வீட்டுக்குள் இரண்டு போர்வைக்குள் கிடந்த எனக்கு, பட்டியில் மாடு நனைந்துகொண்டு நிற்கிறது என்ற நினைவே வரவில்லை. மாடு மழைக்குப் பழக்கப்பட்டதுதானே என்றுதான் எல்லோரும் இருந்தோம். தோல் நனைந்த மாடு காற்றில் நின்றால் உடற்சூடு இறங்கிக்கொண்டே போகும். கோடையில் தீனி குறைந்து மெலிந்திருந்தால் அதைத் தாங்காது. விடியப் போய்ப் பார்த்தேன், சிவலையும் அதன் கன்றும் ஒன்றையொன்று அணைத்தபடி கிடந்தன. வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் அந்த இரண்டு மூன்று நாட்களில் செத்தன. எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஏழு.

அதற்குப் பிறகு நான் கட்டிய கொட்டிலை நீ வந்து பார்க்க வேண்டும். நிலத்தைக் கிரவல் போட்டு ஒரு அடி உயர்த்தினேன். மாரியில் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். அதனால் வடக்கையும் கிழக்கையும் கூரை வரை கிடுகால் அடைத்தேன், மற்ற இரு பக்கமும் திறப்பு. உள்ளே காய்ந்த வைக்கோல். அந்த வைக்கோலும் மாசி வேலைதான் என்பதைக் கவனி. இப்போது இயந்திரம்தான் அருவி வெட்டுகிறது, வைக்கோலை வயல் முழுவதும் சிதறிவிட்டுப் போய்விடும். உடனே வாரிக் கட்டாவிட்டால் பனியில் கறுத்துவிடும், அல்லது எவராவது நெருப்பு வைத்துவிடுவார்கள். நானும் பேரனும் நான்கு நாள் நின்று வாரினோம். இப்போது மூன்று மாடு நிற்கின்றன. வாடை தொடங்கும் இரவுகளில் விளக்கோடு ஒருதரம் போய்ப் பார்க்காமல் படுப்பதில்லை.

பாம்பும் காய்ச்சலும் மழையோடு கூடவே வரும். நிலத்தில் பாய் விரித்துப் படுக்கிற பழக்கத்தை விட்டுவிடு. கறுப்பு உடம்பில் வெள்ளை வரி ஓடும் விரியன் இரவில் வீட்டுக்குள் வரும். அது கடித்தால் நோவே இராது, விடியுமுன் மூச்சை அடைத்துவிடும். கட்டிலில் படு, நுளம்பு வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் சொருகு, கடி என்று சந்தேகம் வந்தாலே நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. வயல் சேற்றில் இறங்குவதாயிருந்தால் எலிக்காய்ச்சலுக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் மாத்திரையைச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வாங்கு.

காணி உறுதி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே பையில், பொலித்தீனில் சுற்றிக் கதவுக்குப் பக்கத்தில் தொங்குகின்றன. இது வெள்ளத்துக்காகப் பழகியது அல்ல என்பதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியபோது, ஊரவர் எல்லோரும் பாடசாலைக்குப் போனோம். ஒவ்வொருவர் தோளிலும் அப்படியொரு பை. அதைக் காட்டி எவரும் எதுவும் கதைக்கவில்லை.

மின்சாரம் போனால் என்ன செய்வாய் என்றும் கேட்டிருந்தாய். சூரிய ஒளியில் ஏறும் விளக்கு இரண்டு இருக்கின்றன. நீ வரும்போது அதே மாதிரி நல்லதாக ஒன்று கொண்டுவா, அது வாங்க வேண்டிய நாலைந்தில் ஒன்று. ஆனால் பேத்திக்கு ஜாம் போத்தல் விளக்கு செய்யவும் பழக்கியிருக்கிறேன். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை நாட்களில் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கரண்டியளவு மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் திரி கோத்து, அந்த வெளிச்சத்தில் நீ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாயே. செய்திக்காக என் தம்பி சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து டைனமோவில் வானொலியை ஓட வைத்தானே. பேத்தி அதையும் செய்து பார்க்க வேண்டும் என்கிறாள். பழைய டைனமோ தேடிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக ஒரு செய்தி. இதை நீ வந்த பிறகு காட்டலாம் என்றுதான் இருந்தேன். உன் அம்மாவின் பயற்றங்காய் நினைவிருக்கிறதா, முழம் நீளத்தில் வெளிர்பச்சையாக, நுனி மட்டும் ஊதாவாக இருக்குமே? 2009 போரில் விதைக்குடுவை உட்பட எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் போனோம். திரும்பி வந்து குடியேறிய பிறகு, சந்தையில் வாங்கிய விதைகள் ஒரு போகம் காய்த்துவிட்டு அடுத்த போகம் ஏமாற்றின. போன வருடம் வவுனியாவில் ஒரு கலியாண வீட்டில் உன் சின்னம்மாவைக் கண்டேன். அம்மா எண்பதுகளில் கொடுத்த விதையை அவர் ஒரு வருடமும் விடாமல் ஊன்றி வந்திருக்கிறார். ஒரு பிடி தந்தார். இந்தக் கோடைச் சிறுபோகத்தில் கிணற்றடியில் ஊன்றினேன். நுனி ஊதாதான், தோழி. முதல் காய்களில் ஒன்றையும் கறிக்கு எடுக்கவில்லை. கொடியிலேயே முற்ற விட்டு, குசினிப் புகையில் தொங்கவிட்டு, சாம்பல் பிரட்டிச் சுரைக்குடுவையில் அடைத்திருக்கிறேன்.

பாதி உன்னுடையது. பங்குனியில் வந்தால் சித்திரையில் உங்கள் வளவிலேயே ஊன்றலாம். ஆவணி வரும்வரை என் கிணற்றிலிருந்து தண்ணீர் விடுவோம். டிக்கெட்டை மாற்ற எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்து எழுது. உங்கள் வீட்டுக் கூரை ஓட்டில் எத்தனை உடைந்திருக்கிறது என்று மழைக்கு முன் ஆள் ஏற்றி எண்ணி, அடுத்த கடிதத்தில் நான் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பள்ளிக்கூட வாங்குத் தோழி